ஒரே ஒரு எழுத்து மாறினால் நோய் எப்படி வருகிறது?

டிஎன்ஏவில் இருப்பது நாலே நாலு எழுத்து என்கிறார்கள், அதில் ஒன்று மாறினாலே வாழ்நாள் முழுக்க நோய் வரலாம் என்கிறார்கள், அது எப்படி நடக்கிறது? கண்ணுக்கே தெரியாத அந்த எழுத்தை விஞ்ஞானிகள் எப்படிப் படிக்கிறார்கள்? படிக்க முடிந்தால் திருத்திவிட முடியாதா? இதுதான் கேள்வி.

பொதுவாக விளக்கப் போனால் பள்ளிப் பாடத்தையே திரும்பச் சொன்னது மாதிரி ஆகிவிடும், படித்த சூட்டோடு மறந்தும் போகும். அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமான ஒரே ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகிறேன். அரிவாள் செல் ரத்தசோகை. மருத்துவமனைகளில் சிக்கிள் செல் என்றே சொல்வார்கள். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: ஒரு புரதத்தின் அமைப்பில் வரும் மாற்றமே நோயாகலாம் என்று முதன்முதலில் காட்டப்பட்டது இதில்தான், டிஎன்ஏத் துண்டைப் பெருக்கும் பிசிஆர் முறை உலகுக்கு அறிமுகமானபோது சோதித்துக் காட்டப்பட்டது இதில்தான், டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கருவியால் செய்யும் சிகிச்சைக்கு முதல் அனுமதி கிடைத்ததும் இதற்குத்தான். அப்புறம், இது எங்கோ இருக்கும் நோய் அல்ல, நீலகிரியில் இருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் உட்கரு, அதற்குள் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், இரண்டு தொகுதிக்கும் சேர்த்து 600 கோடி. எழுத்து என்று நாம் சொல்வது உண்மையில் நான்கு வேதிப்பொருள்களை: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். ஏ, டி, ஜி, சி என்று எழுதுகிறோம். அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கு இடையே உள்ள தூரம் 0.34 நானோமீட்டர், அதை 600 கோடியால் பெருக்கிப் பாருங்கள், 2 மீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் இந்த 2 மீட்டர் இழை புரதங்களைச் சுற்றிச் சுற்றி மடிந்து கிடக்கிறது.

டிஎன்ஏ இரட்டை இழை. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிரில் டி, ஜி இருந்தால் எதிரில் சி. 1953ல் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பைச் சொன்னார்கள், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. இந்த ஜோடிக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம் என்பதால்தான் செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்க முடிகிறது, பின்னால் நான் சொல்லப்போகும் ஆய்வக முறைகளில் பெரும்பாலானவை நிற்பதும் இதன் மேல்தான்.

சரி, மரபணு என்றால் என்ன? அந்த 300 கோடி எழுத்துக்குள் ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்வதற்கான செய்தி அடங்கிய ஒரு பகுதி. பெரும்பாலும் அந்தப் பொருள் ஒரு புரதம். மனிதரிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதமாக மாறும் எழுத்துகளை மட்டும் கூட்டினால் மொத்தத்தில் 2 சதவீதம்கூட வராது. மீதியெல்லாம் குப்பை என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அது அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தை, அந்த மீதியில் ஒரு சிறு பகுதிதான் கடைசியில் சிகிச்சைக்கு வழி காட்டியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் கதையின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பீட்டா குளோபின் மரபணு. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைச் செய்வது இதுதான். நீளம் சுமார் 1600 எழுத்து. முதலில் அந்த 1600ம் ஆர்என்ஏ என்ற தற்காலிக நகலாக எடுக்கப்படுகிறது. பிறகு அந்த நகலிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி எறியப்பட்டு, மிச்சம் ஒட்டப்படுகிறது. அதில் புரதத்துக்கான செய்தி 444 எழுத்து மட்டும்தான். அந்த நகல் உட்கருவை விட்டு வெளியே வந்து, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமிடம் போகிறது. ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும், அந்தச் சங்கிலிதான் புரதம். எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணையைக் கண்டுபிடித்த வேலைக்காகத்தான் ஹர் கோபிந்த் கொரானாவுக்கு, நிரன்பெர்க், ஹாலி இருவரோடும் சேர்த்து 1968ல் நோபல் கொடுத்தார்கள். ரைபோசோமே எப்படி அமைந்திருக்கிறது என்று அணு அளவில் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 2009ல் நோபல் வாங்கியவர்.

இப்போது அந்த ஒரு எழுத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பீட்டா குளோபின் செய்தியின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் இப்படி வரும்:

சிசிடி – ஜிஏஜி – ஜிஏஜி

புரோலின், குளூட்டாமிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்று அர்த்தம். அரிவாள் செல் உள்ளவர்களிடம் அதே இடம் இப்படி இருக்கும்:

சிசிடி – ஜிடிஜி – ஜிஏஜி

நடுவில் ஏ இருந்த இடத்தில் டி. அவ்வளவுதான். ஜிடிஜி என்றால் ரைபோசோம் வேலின் என்று படிக்கும். 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காருகிறது. மற்ற 145ம் அப்படியே இருக்கின்றன.

ஒன்றே ஒன்று மாறியதற்கு ஏன் இவ்வளவு பெரிய விளைவு என்றால், மாறியது எங்கே என்பதும் எதற்குப் பதில் எது என்பதும்தான் காரணம். குளூட்டாமிக் அமிலம் மின்னேற்றம் உள்ளது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் எண்ணெய்த்தன்மை உள்ளது, தண்ணீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். அந்த ஆறாவது இடம் ஹீமோகுளோபினின் வெளிப்பரப்பில் இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுக்களிடம் இறக்கிவிட்டதும் அதன் வடிவம் கொஞ்சம் மாறும், அப்போது அதன் உடம்பில் ஒரு சிறு குழி திறக்கும். பக்கத்து மூலக்கூறின் வேலின், சட்டைப் பித்தான் காஜாவுக்குள் போய் மாட்டுவது போல, அந்தக் குழிக்குள் மாட்டிக்கொள்ளும். அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் நெருக்கிக்கொண்டு இருப்பதால் வெகு சீக்கிரத்தில் நீண்ட விறைப்பான இழைகள் உருவாகி, வட்டமாக வளைந்து கொடுக்க வேண்டிய செல்லை உள்ளிருந்து குத்தி அரிவாள் மாதிரி நீட்டிவிடும்.

அப்படி நீண்ட செல்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் நுழைந்து போக முடியாமல் அடைத்துக்கொள்கின்றன. எலும்பில், வயிற்றில், நெஞ்சில் வரும் அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பெரியவர்களே கதறி அழுவார்கள். மண்ணீரல் பாதிக்கப்படும், கிருமித்தொற்று எளிதில் வரும், சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்கூட வரும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும், இவை 10, 20 நாளிலேயே உடைந்துபோகின்றன, அதனால் ரத்தசோகை. ஒரு எழுத்திலிருந்து ஒரு மனிதரின் வலிவரைக்கும் இடையில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு படியும் வேதியியல்தான்.

இனி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. 1910ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ செல்கள் இருப்பதை எழுதி வைத்தார். மரபணு என்றால் என்ன பொருளால் ஆனது என்றே யாருக்கும் தெரியாத காலம். அடுத்த பெரிய படி 1949ல். ஜேம்ஸ் நீல் குடும்பங்களை ஆராய்ந்து, நோயுள்ள குழந்தையின் அம்மா, அப்பா இருவர் ரத்தத்திலுமே லேசான அரிவாள் தன்மை இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு நோய் இல்லை என்று காட்டினார். மரபியலாளர்களின் மிகப் பழைய கருவி இதுதான்: வம்ச வரைபடம். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, யாருடைய பிள்ளை யார் என்று தாளில் வரைந்து பார்ப்பது. இன்றைக்கும் மரபியல் ஆலோசனைக்குப் போனால் முதலில் இதைத்தான் வரைவார்கள், எந்த இயந்திரமும் அப்புறம்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. ஒரு பிரதி மாறியிருந்து மற்றது நன்றாக இருந்தால் அவர் கடத்துபவர், ஆங்கிலத்தில் கேரியர் என்பார்கள், பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார். இரண்டுமே மாறியிருந்தால்தான் அரிவாள் செல் ரத்தசோகை. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு ஒரு பிரதி அம்மாவிடமிருந்தும் ஒரு பிரதி அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறது. எத்தனையோ குடும்பங்களில் "உன் வழியில வந்தது" என்று பெண்ணின் மேல் மட்டும் பழியைப் போடுகிறார்கள். அது அநியாயம் மட்டுமல்ல, அறிவியல்படியும் தவறு. இருவரும் கடத்துபவராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு, கடத்துபவராகப் பிறக்க 50, முற்றிலும் இல்லாமல் பிறக்க 25. நாலு குழந்தையில் ஒன்றுக்கு என்று இதைப் புரிந்துகொண்டு, முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்.

அதே 1949ல் லைனஸ் பாலிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நோயுள்ளவர்களின் ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் நகர்ந்தது. கடத்துபவர்களிடம் இரண்டு வகையும் கலந்து இருந்தது. மின்னேற்றம் உள்ள ஒன்று போய் இல்லாதது வந்ததால்தான் இந்த வேக மாற்றம் என்று இப்போது நமக்குத் தெரியும். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூலக்கூறே வேறு என்பதுதான், அதற்கு அவர்கள் வைத்த பெயர் மூலக்கூறு நோய்.

எங்கே வேறு என்று காட்டியவர் வெர்னன் இங்க்ரம், கேம்பிரிட்ஜில், 1956–57ல். எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். ஹீமோகுளோபின் மாதிரி பெரிய புரதத்தை முழுக்கப் படிக்க அப்போது வழி இல்லை. அதனால் டிரிப்சின் என்ற செரிமான நொதியைக் கொண்டு அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு தாளில் சொட்டு வைத்து, ஒரு திசையில் மின்சாரத்தாலும் குறுக்குத் திசையில் கரைப்பானாலும் பரப்பிவிட்டார். தாளில் ஏறத்தாழ 30 புள்ளிகள் வந்தன. சாதாரண ஹீமோகுளோபினின் தாளையும் அரிவாள் செல் ஹீமோகுளோபினின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில், ஒன்று மட்டும் தள்ளி. அந்த ஒரு புள்ளியை மட்டும் எடுத்து அலசினார், அதில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். ஒரு மரபணுவின் மாற்றம் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றுகிறது என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. டிஎன்ஏவின் ஒரு எழுத்தைக்கூட யாரும் படித்திராத நாளில் இதைச் செய்தார்கள்.

டிஎன்ஏவை நேராகப் பார்க்க ஆரம்பித்தது 1970களில். பாக்டீரியாக்களிடம் டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் நொதிகள் உண்டு. 1978ல் யூயெட் வாய் கானும் ஆன்ட்ரே டோசியும் அப்படி ஒரு நொதியால் வெட்டியபோது, பீட்டா குளோபின் மரபணு இருக்கும் துண்டின் நீளம் பல அரிவாள் செல் நோயாளிகளிடம் வேறாக இருப்பதைக் கண்டார்கள். அது நோயின் எழுத்து அல்ல, அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு அடையாளம், சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும் அடையாளம். இந்த ஒரு யோசனையை வைத்துத்தான் பிறகு எத்தனையோ நோய்களின் மரபணுக்களைத் தேடிப் பிடித்தார்கள்.

கொஞ்ச காலத்தில் அந்த எழுத்தையே நேராகப் பிடிக்கும் நொதியும் கிடைத்தது, எம்எஸ்டி 2 என்று பெயர். அது சிசிடி, அடுத்து எந்த எழுத்தானாலும் சரி, அதற்கு அடுத்து ஏஜிஜி என்று வரும் இடத்தில் மட்டும் வெட்டும். மேலே எழுதியதைத் திரும்பப் பாருங்கள். சாதாரண மரபணுவில் சிசிடிஜிஏஜிஜி, வெட்டும். மாறிய மரபணுவில் சிசிடிஜிடிஜிஜி, வெட்டாது. அவ்வளவு எளிமை. வெட்டிய துண்டுகளைக் கூழ் போன்ற ஜெல்லில் மின்சாரம் வைத்து ஓடவிட்டால் சின்னத் துண்டு முன்னால் போகும், பெரியது பின்தங்கும். வெட்டு விழுந்த துண்டு மட்டும் தெரிந்தால் மரபணு சாதாரணம், வெட்டாத துண்டு மட்டும் தெரிந்தால் நோய், இரண்டும் தெரிந்தால் கடத்துபவர்.

ஆனால் ஒரு பிரச்சினை. 300 கோடி எழுத்துக்கு நடுவில் நமக்கு வேண்டியது சில நூறு எழுத்து. அதை மட்டும் பெருக்கி எடுக்கும் வழிதான் பிசிஆர், கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பிசிஆர். காரி மல்லிஸின் யோசனை. 1985ல் அது முதன்முதலாக ஆய்விதழில் வெளியானபோது எதைப் பெருக்கிக் காட்டினார்கள் தெரியுமா, பீட்டா குளோபின் மரபணுவைத்தான், அரிவாள் செல்லைக் கண்டறிவதற்காக. செய்வது இவ்வளவுதான்: டிஎன்ஏவைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினால் இரண்டு இழையும் பிரியும். கொஞ்சம் ஆறவிட்டால், வேண்டிய பகுதியின் இரண்டு ஓரத்துக்கும் பொருந்துமாறு நாம் செய்து போட்ட சிறு டிஎன்ஏத் துண்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். நொதி அங்கிருந்து எதிர் இழையை எழுதும். ஒன்று இரண்டாகும். திரும்பச் சூடாக்கு, ஆறவிடு, எழுதவிடு. 30 சுற்றில் கணக்குப்படி 100 கோடிக்கு மேல். ஆரம்பத்தில் சூட்டில் நொதி செத்துப்போகும், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்து, இயந்திரத்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடிந்தது.

எழுத்து எழுத்தாகப் படிப்பதற்கு 1977ல் ஃபிரெட்ரிக் சாங்கர் வழி சொன்னார். நகலெடுக்கும்போது, சேர்ந்தால் அதற்கு மேல் இழை வளராத மாதிரியான சிறப்பு எழுத்துகளைக் கொஞ்சம் கலந்துவிடுவது. ஒவ்வொரு நகலும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடும். நீளப்படி வரிசைப்படுத்தி, கடைசி எழுத்து என்ன என்று பார்த்தால் முழு வரிசையும் கிடைத்துவிடும். இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம், இயந்திரம் மேடு மேடாக வரைந்து கொடுக்கும், வழக்கமாக ஏ பச்சை, டி சிவப்பு. கடத்துபவரின் வரைபடத்தைப் பார்த்தால் வரிசை முழுக்க ஒவ்வொரு இடத்திலும் ஒரே மேடு, அந்த ஒரு இடத்தில் மட்டும் பச்சையும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்று, பாதிப் பாதி உயரத்தில். அம்மாவின் பிரதியும் அப்பாவின் பிரதியும் ஒரே இடத்தில் இரண்டு விதமாகப் பேசுவதைக் கண்ணால் பார்க்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

மனிதரின் முழு வரிசையையும் படிக்க 1990ல் தொடங்கிய திட்டம் 2003ல் முடிந்தது, படிக்க முடியாமல் விட்ட இடைவெளிகள் 2022ல்தான், ஒய் குரோமோசோமில் மட்டும் 2023ல், முழுசாக நிரம்பின. இன்றைய இயந்திரங்கள் டிஎன்ஏவைக் கோடிக்கணக்கான சிறு துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் படிக்கின்றன, ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறையாவது படிப்பது வழக்கம், ஒரு முறை தப்பாகப் படித்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவிலும் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு வரிசையைப் படித்து வைத்திருக்கிறார்கள். இது அவசியமான வேலை. ஐரோப்பியரின் வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர் நோயாளியிடம் காணும் ஒரு மாற்றம் ஆபத்தானதா, நம்மிடம் சாதாரணமாக இருப்பதா என்று சொல்லவே முடியாது.

இவ்வளவு துன்பம் தரும் எழுத்து ஏன் தலைமுறை தலைமுறையாக அழியாமல் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இதற்கு 1954ல் ஆன்டனி அலிசன் பதில் சொன்னார். கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் பார்த்தது, மலேரியா கடுமையாக இருக்கும் இடங்களில்தான் இந்த மாற்றமும் அதிகம். ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர்களுக்கு மலேரியா முற்றிப்போய் உயிரை வாங்கும் ஆபத்து பல மடங்கு குறைவு. மலேரியா வாட்டிய ஊரில் கடத்துபவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்த எழுத்தும் தங்கிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1952ல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரியில் இருளர், பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களிடம் இதே அரிவாள் தன்மையைக் கண்டு எழுதியிருந்தார்கள். இதை அந்த மக்களின் குறையாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். காட்டில் மலேரியாவோடு வாழ்ந்த முன்னோர்களைப் பிழைக்க வைத்த மாற்றம் அது. மலேரியா குறைந்த பிறகு நோய் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமான பகுதி. ஒரே எழுத்து, இரண்டு பிரதியும் மாறியவர்கள், ஆனாலும் ஒருவர் மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகிறார், இன்னொருவர் பெரிய தொல்லை இல்லாமல் வாழ்கிறார். ஏன்? விடையின் நுனி 1948லேயே கிடைத்துவிட்டது. ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளின் செல்கள் முதல் சில மாதங்கள் அவ்வளவாக அரிவாளாவதில்லை என்று கவனித்து, கருவில் இருக்கும்போது உடம்பு வேறு வகை ஹீமோகுளோபின் செய்வதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதினார். சரியாகச் சொன்னார். 11ஆம் குரோமோசோமில் பீட்டா குளோபினுக்கு முன்னால் அதன் சொந்தக்கார மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன: முதலில் இளங்கருவுக்கானது, அடுத்து வளர்ந்த கருவுக்கான காமா குளோபின் இரண்டு, கடைசியில் பெரியவர்களுக்கானது. எந்த வரிசையில் நிற்கிறதோ ஏறக்குறைய அந்த வரிசையிலேயே வாழ்க்கையில் வேலைக்கும் வருகின்றன. பிறந்த சில மாதத்தில் காமா அடங்கிப்போகும், பீட்டா ஏறும், அப்போதுதான் நோய் வெளியே தெரியும். காமா அழிந்துபோவதில்லை, பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். சிலரிடம் அது முழுக்க அடங்குவதில்லை, அவர்களுக்கு நோயும் கடுமையாக வருவதில்லை. இந்திய நோயாளிகளில் பலருக்குக் கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாகவே இருக்கிறது, ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட இங்கே பொதுவாக நோய் கொஞ்சம் தணிந்திருக்க அது ஒரு காரணம், ஆனாலும் கடுமையாகப் பாதிக்கப்படுபவர்கள் இங்கும் நிறைய. வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் இந்தக் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் உதவுகிறது.

அப்படியானால் காமாவை அடக்குவது யார்? இதைத் தேட மரபியலாளர்கள் வேறு முறையைக் கையில் எடுத்தார்கள். கருக்கால ஹீமோகுளோபின் அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என்று நிறையப் பேரின் டிஎன்ஏவில் லட்சக்கணக்கான இடங்களைச் சோதித்து, எந்த இடத்து எழுத்து அந்த அளவோடு சேர்ந்து மாறுகிறது என்று புள்ளியியல் வைத்துப் பார்ப்பது. 2007, 2008ல் வந்த முடிவுகள், இத்தாலியின் சார்டீனியாத் தீவு மக்களிடம் செய்தது உட்பட, 2ஆம் குரோமோசோமில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவைக் காட்டின. அதுவரை அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. போஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் விஜய் சங்கரனும் மற்றவர்களும் ரத்த செல்களில் அந்த மரபணுவைக் குறைத்துப் பார்த்தார்கள், காமா மறுபடி எழுந்தது. பிறகு அரிவாள் செல் நோயுள்ள எலிகளில் அதை முடக்கியபோது நோயே விலகியது. சேர்ந்து வருகிறது என்று புள்ளிவிவரம் சொல்வது ஒரு பாதி, முடக்கிப் பார்த்து இதுதான் காரணம் என்று உறுதி செய்வது மறுபாதி. புதிய மரபணு கண்டுபிடிப்பு என்று செய்தியில் படிக்கும்போது இரண்டாவது பாதி நடந்ததா என்று பாருங்கள்.

பிசிஎல்11ஏவை உடம்பு முழுக்க முடக்க முடியாது, மூளைக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அது வேண்டும். ஆனால் அந்த மரபணுவின் நடுவே, புரதமாகாத ஒரு பகுதியில், சிவப்பணுவாகப் போகும் செல்களில் மட்டும் அதை ஓங்கச் செய்யும் ஒரு சிறு வரிசை இருப்பது தெரிந்தது. குப்பை என்று சொன்ன பகுதியிலிருந்து வந்தது என்றேனே, இதுதான். கிரிஸ்பர் என்பது, நாம் கொடுக்கும் ஒரு சிறு ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் பார்த்துப் பொருந்தும் இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கருவி, 2012ல் ஷார்பென்டியே, டவுட்னா என்ற இரண்டு விஞ்ஞானிகள் வழி காட்டியது. நோயாளியின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்களை, எடுத்து, வெளியே வைத்து, அந்தச் சிறு வரிசையில் கிரிஸ்பரால் ஒரு வெட்டு. செல் அதை ஒட்டும்போது வரிசை சிதைந்துவிடும், பிசிஎல்11ஏ அடங்கும், காமா எழும். கவனியுங்கள், நோய்க்குக் காரணமான அந்த ஏ, டி மாற்றத்தை இந்தச் சிகிச்சை தொடவே இல்லை. எழுத்து அப்படியே இருக்கிறது, நோய் அடங்குகிறது. காஸ்ஜெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. போதுமான காலம் கண்காணிக்கப்பட்ட 31 நோயாளிகளில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலி வரவில்லை.

அதனால் திருத்த முடியாதா என்ற கேள்விக்குப் பதில், முடியும், ஆனால் எளிதல்ல. திருத்திய செல்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களைக் கடுமையான மருந்தால் முதலில் அழிக்க வேண்டும், குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் வாழ்வது ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் பழங்குடி ஊர்களிலும் என்பதை நினைத்தால் இந்த விலை என்னால் ஏற்கவே முடியாத ஒன்று. இந்தியாவில் டெல்லியில் ஐஜிஐபி என்ற அரசு மரபணு ஆய்வகத்தில் இந்த நோய்க்கான கிரிஸ்பர் வேலை நடந்து வருகிறது, நம்மால் தாங்க முடிகிற செலவில் ஒன்று வர வேண்டும் என்றால் அது இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

இன்றைக்கு நம் கையில் உடனே இருப்பது பரிசோதனை. 2023ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். நீலகிரி, வயநாடு பக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உள்ளவர்கள் திருமணத்துக்கு முன்பே, முடியாவிட்டால் குழந்தைக்குத் திட்டமிடும்போது, பார்த்துக்கொள்வது நல்லது. முதல் சோதனை விரல் நுனி ரத்தத்தில் செய்கிற கரைதிறன் சோதனை, கலங்கினால் சந்தேகம், ஆனால் நோயா, கடத்துபவரா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹெச்பிஎல்சி என்ற சோதனை வேண்டும், அதில் ஹீமோகுளோபின் வகைகள் சதவீதத்தோடு வந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கரைதிறன் சோதனை செய்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள், கருக்கால ஹீமோகுளோபின் மறைத்துவிடும். டிஎன்ஏ சோதனை பெரும்பாலும் கருவில் இருக்கும் குழந்தைக்கும் குழப்பமான முடிவுகளுக்கும்தான் தேவைப்படும். இருவரும் கடத்துபவர் என்று தெரிந்தால் கர்ப்பத்தின் 10, 12ஆவது வாரத்தில் நச்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்து அதைச் செய்யலாம், அதனால் கர்ப்பம் உறுதியானதுமே மரபியல் ஆலோசனைக்குப் போய்விடுங்கள், ஐந்தாம் மாத ஸ்கேன்வரை காத்திருக்க வேண்டாம்.